நாற்பத்து மூன்றாம் பக்கம்

பேராசிரியை எதை எழுதினாலும் அதை முதலில் உரக்க வாசிப்பவர் அவள் கணவர்தான். கல்யாணமான வருஷத்திலிருந்தே அப்படித்தான். தானே வாசித்தால் தன் தப்பும் தனக்குச் சரியாகவே படுகிறது, இன்னொருத்தர் வாயில் போய்த் திரும்பி வரும்போதுதான் எங்கே இடறுகிறது என்று தெரிகிறது என்பாள். அவருக்குத் தத்துவம் தெரியாது. வீட்டுக்குக் கீழேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தெருவில் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். விளங்காத வாக்கியம் வந்தால் நிறுத்திவிட்டு, "இதுல பவர் சரியில்லைம்மா, மங்கலாத் தெரியுது" என்பார். அவள் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வாள். அவளுடைய ஒரு புத்தகமும் முப்பத்தொரு கட்டுரைகளும் அந்தக் கோடுகளைத் தாண்டி வந்தவைதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையிலிருந்து மழை விடவில்லை. ஜன்னலுக்கு எதிரே மருத்துவமனையின் புகைபோக்கியிலிருந்து வந்த நீராவி மேலே ஏற முடியாமல் தெருவிலேயே கவிந்து நின்றது. அடுத்த சனிக்கிழமை பல்கலைக்கழகத்தில் அவளுடைய பேருரை. அறுபது வயது முடிந்து வேலையை விட்டு இறங்கும் பேராசிரியருக்கு அந்தப் பல்கலைக்கழகம் தரும் பெரிய மரியாதை அது. தத்துவத் துறையிலிருந்து யாரையும் அதற்குக் கூப்பிட்டு பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. உரையை அச்சடித்து, புத்தகத்தின் புதுப் பதிப்புக்கு முன்னுரையாகச் சேர்ப்பதாகவும் இருந்தார்கள்.

இப்படி வாசிப்பு நடக்கும் நேரத்தில் அவர்களோடு இருக்கும் பேராசிரியையின் அக்கா வழக்கமாக உள்ளறையில் துணி தேய்த்துக்கொண்டிருப்பாள். "உங்க தத்துவம் காதுல விழுந்தா சட்டைக் காலர் சுருங்கிடுது" என்பாள். அன்றைக்கு அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. காலை நீட்டி வைத்தே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் முன்னறைச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தங்கையைவிட ஒன்பது வயது பெரியவள். முப்பத்தாறு வருஷம் எதிரே தெரிந்த அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ஒரு பாப்பாவை வளத்தேன், போதும்" என்பாள்.

கண்ணாடிக்காரர் கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு வாசித்தார்.

"'வேலை முடியும் மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. குழந்தைகள் வார்டுக்குப் போகவேண்டிய விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த பெண், அந்த அடுக்கில் ஓரத்தில் சிவப்பு நூல் தைத்த ஒரு விரிப்பைக் கண்டாள். சிவப்பு நூல் தொற்றுநோய் வார்டின் அடையாளம். அது ஒன்று அங்கே இருந்தால் அந்தச் சுற்றில் துவைத்த இருநூறு விரிப்புகளுமே கலந்துபோனவை. வேறு யாரும் பார்க்கவில்லை. அவள் யோசிக்கவில்லை. எந்த விதியையும் நினைத்துப் பார்க்கவில்லை. சூட்டிலிருந்து கை விலகுவதுபோல அவள் கை அந்த அடுக்கை மறுபடி துவைக்கும் உருளையில் தள்ளியது.'"

"யோசிச்சேனே" என்றாள் அக்கா.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா பட்டாணித் தோலை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள். "யோசிக்கலைன்னு போட்டிருக்கே. நான் யோசிச்சேன். நிறைய நேரம்."

பேராசிரியை சிரித்தாள். "அக்கா, யோசிக்கலைன்னா மரம் மாதிரி நின்னேன்னு அர்த்தம் இல்ல. உன் கை தானா..."

"கை தானா ஒண்ணும் பண்ணல. கை அந்த நூலைப் பிடிச்சு இழுத்துச்சு. வரல. பல்லால கடிச்சுப் பிச்சு எடுத்தேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு. அப்புறம் விரிப்பை அடுக்குலயே வச்சிட்டுக் கையைக் கழுவிட்டுப் போய் பஸ் ஏறிட்டேன்."

கண்ணாடிக்காரர் மேசைமேல் இருந்த கடிகாரத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நேரம் பார்க்க இனி வேலையில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

"பஸ் ஏறினியா" என்றாள் பேராசிரியை.

"ரெண்டு ஸ்டாப் போனேன். இறங்கி ஓடி வந்தேன். ஏழு மணிக்கு அடுத்த ஷிப்ட்காரன் வண்டியை மேல ஏத்திடுவான். அதுக்குள்ள வந்துட்டேன். அதுக்கப்புறம் எல்லாத்தையும் மறுபடி துவைச்சதெல்லாம் நெசம். அதுல ஒண்ணும் பொய் இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே பாப்பா."

*

அது நடந்தபோது பேராசிரியைக்குப் பதினைந்து வயது. அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மருத்துவமனையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஓர் அறையில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அந்த நாளில் அக்கா நேரம் கழித்து, மழையில் நனைந்து தலையிலிருந்து சொட்டச் சொட்ட வந்தாள். நடந்ததைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த சிறுமிக்கு உடம்பு முழுக்க ஏதோ பரவிற்று. அது பெருமைதான் என்று அவளுக்குப் பிற்பாடு தெரிந்தது. யாரும் பார்க்காதபோது ஒருத்தி ஏன் இருநூறு விரிப்பை மறுபடி துவைக்கவேண்டும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தத்துவம் படிக்கப் போனாள்.

படித்து முடித்து பதினோரு வருஷம் தற்காலிக விரிவுரையாளர். வகுப்பறை அடித்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில். அதன் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிப் பேசி அவள் குரலே கொஞ்சம் கரகரத்துவிட்டது. முதல் கட்டுரை நான்கு முறை திரும்பி வந்தது. சுற்றி இருந்தவர்கள் நன்மை தீமை என்பதை வானத்திலோ சூத்திரத்திலோ தேடிக்கொண்டிருந்தபோது, அவள் அதை மனிதரின் உடம்பிலும் பழக்கத்திலும் தேடினாள். பசியும் தூக்கமும் எப்படி இயற்கையோ அப்படியே ஒருவருக்கொருவர் நல்லது செய்வதும் இயற்கைதான், வளர்ந்து கையில் ஊறிய இயற்கை என்று எழுதினாள். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் பேசுவதற்கு முன் கரும்பலகையில் மூன்று வார்த்தைதான் எழுதுவாள்: முதலில் போய்ப் பார். கற்பனை மனிதர்களை வைத்து நீதி பேசாதே, இருக்கிற மனிதரைப் போய்ப் பார், கேள், அப்புறம் வாயைத் திற.

முப்பத்திரண்டாவது வயதில் புத்தகம் வந்தது. அதன் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அக்கா இருந்தாள். தத்துவக்காரர்கள் அந்தப் பக்கத்துக்குச் 'சலவைக்கூட எடுத்துக்காட்டு' என்று பெயர் வைத்தார்கள். அதை ஆதரித்துக் கட்டுரைகள் வந்தன, எதிர்த்து இன்னும் நிறைய வந்தன. அதிகம் எதிர்த்தவர் பக்கத்துக் கல்லூரியின் பேராசிரியர் ஒருவர். ஒல்லியாக இருப்பார், பேசினால் குத்தும். மாணவர்கள் அவருக்கு ஊசி என்று பெயர் வைத்திருந்தார்கள். கையைத் திருப்பியது இயற்கை இல்லை, 'இது தப்பு' என்ற ஓர் எண்ணம்தான், அந்த எண்ணம் இயற்கைக்குள் அடங்காது என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். கண் பரிசோதனைக்கு மட்டும் கண்ணாடிக்காரரிடம்தான் வருவார். "அவருக்கு எல்லா எழுத்தும் தெரியுதும்மா, கீழ்வரிசை வரைக்கும். உன் புத்தகம் மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குதுன்னு எனக்கே விளங்கல" என்பார் கண்ணாடிக்காரர்.

புத்தகம் வந்த அன்றைக்கு அக்கா ஒரு பிரதியைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போனாள். எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். வேலை நேரத்தைக் குறித்துவைக்கும் டைம்கீப்பர்தான் அங்கே படித்தவர். 'ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் ஒரு பெண்' என்று தொடங்கி இரண்டு வரி வாசித்தார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். "இதுக்கு மேல ரோடு சரியில்லை" என்று மூடிக் கொடுத்தார். அதோடு சரி. அக்காவுக்கும் அது போதும். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், "நான் புத்தகத்துல இருக்கேன், நாப்பத்து மூணாம் பக்கம்" என்று சொல்லிவிடுவாள்.

*

திங்கட்கிழமை பேராசிரியை தன் அறையில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைப் பற்றி இதுவரை தான் எழுதியதையெல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினாள். நூற்றிருபது பக்கம் இருக்கும். அந்தப் பெண்ணின் கை, கண், பழக்கம், ஆறு வருஷப் பயிற்சி, எல்லாம் இருந்தது. அந்தப் பெண்ணைக் கேட்ட ஒரு கேள்விகூட இல்லை.

அவள் அந்தப் பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்தாள். தினமும் காலையில் அவள் கையால் தேநீர் வாங்கிக் குடித்தாள். ஊர்பேர் தெரியாத செவிலிகளையும் தீயணைப்பு வீரர்களையும் மாணவர்களை விட்டுப் பேட்டி எடுக்கவைத்தாள். வீட்டுக்குள் இருப்பது தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டாள். பதினைந்து வயதில் கேட்ட கதையைத் தன் கண்ணால் பார்த்தது மாதிரி வைத்துக்கொண்டாள். இந்த மாதிரி ஒரு தப்பை முதல் வருஷ மாணவி செய்திருந்தால் தாளில் என்ன எழுதியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தாள். எழுதியிருக்கமாட்டாள், கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருப்பாள். இப்போது தன்னைக் கூப்பிட்டு உட்காரவைக்க யாருமில்லை.

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். அவளிடமே படித்தவர்.

"மேடம், புதன்கிழமைக்குள்ள உரையைக் குடுத்துட்டா அச்சுக்கு அனுப்பிடலாம்."

"எடுத்துக்காட்டுல ஒரு சின்னச் சிக்கல் இருக்குப்பா. நடந்தது வேற மாதிரின்னு தெரியவந்திருக்கு."

"அவ்வளவுதானே மேடம். 'ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்'னு ஒரு வரி சேத்துடுங்க. தத்துவத்துல பாதி எடுத்துக்காட்டு கற்பனைதானே."

"மத்தவங்களுக்கு அது போதும். நான் எல்லாரையும் வைத்துக்கொள்வோம்னு ஆரம்பிக்காதேன்னு திட்டிக்கிட்டே இருந்தவ."

அவர் கொஞ்சம் சங்கடத்தோடு நின்றார். "ஊசி சார் வேற வராராம் மேடம். முதல் வரிசையில இடம் கேட்டிருக்கார்."

"குடுங்க. நல்லாக் கேக்கட்டும்" என்றாள். ஆனால் துறைத்தலைவர் போன பிறகு ஊசியின் பழைய கட்டுரைகளை எடுத்துப் புரட்டினாள். இருபத்திரண்டு வருஷம் அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: நடுவில் ஓர் எண்ணம் இருந்திருக்கவேண்டும். இருந்தது. இரண்டு பஸ் நிறுத்தத் தூரத்துக்கு இருந்தது.

*

அக்கா இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டாக்டர் சொன்னதைக் கேட்காமல் எழுந்து நின்று தேய்க்கத் தொடங்கிவிட்டாள். சனிக்கிழமைக்கு என்று பேராசிரியை எடுத்து வைத்திருந்த மேலங்கியை மேசைமேல் விரித்து, தண்ணீர் தெளித்து, தோள் மடிப்பைத் திரும்பத் திரும்ப நேராக்கினாள். பேராசிரியை வாசலில் நின்று பார்த்தாள். சூடான துணியின் வாசனைதான் அவளுக்கு அக்காவின் வாசனை.

"என்னை எடுத்துடப் போறியா?" என்றாள் அக்கா, திரும்பாமலே.

"எதுலேர்ந்து?"

"நாப்பத்து மூணுலேர்ந்து."

பேராசிரியை தன் பேர், தன் உரை, தன் ஊசி என்று இரண்டு நாளாகத் தன்னைச் சுற்றியே வந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் இன்னொருத்தியும் குடியிருக்கிறாள் என்பதை மறந்திருந்தாள்.

"அக்கா, உக்காரு. கால் வீங்குது."

"கால் கெடக்கு. நான் வாயை வச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம். இந்த முட்டி வீங்காம இருந்தா நான் உள்ளே இருந்திருப்பேன், எனக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. அப்படியே படிச்சுடு பாப்பா. யாருக்கு என்ன நஷ்டம்? சனிக்கிழமை நம்ம டைம்கீப்பர் வராரு, நீராவி வரா. அவங்க முன்னாடி நூலைக் கடிச்ச கதையை வைக்கணுமா?"

நீராவி என்பது அக்காவோடு வேலை பார்த்தவளுக்கு அங்கே வைத்த பெயர். உருளை இயந்திரத்தைவிடச் சத்தமாகப் பேசுவாள்.

"ஒண்ணு கேக்கறேன். அப்பக் கேக்கலை, இப்பக் கேக்கறேன்" என்றாள் பேராசிரியை. "பஸ்ஸுல ஏறிட்ட. உக்காந்துட்ட. யாருக்கும் தெரியாது. ஏன் இறங்கின?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"குழந்தைங்க ஞாபகம் வந்துச்சுன்னு சொன்னா உனக்கு நல்லா இருக்கும். வந்துச்சு. ஆனா அதுக்கு இறங்கல. அதைத் தாண்டித்தானே பஸ் ஏறினேன்."

"பின்ன?"

"உனக்கு ஞாபகம் இருக்கா இல்லையா, நீ அப்ப ஒரு தொல்லை. நான் வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள அடுப்பு பக்கத்துல உக்காந்துக்கிட்டு, 'இன்னைக்கு என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லு'ம்ப. ஒண்ணை விட்டுட்டுச் சொன்னா கண்டுபிடிச்சிடுவ. 'அப்புறம்? அப்புறம்?'னு கேட்டுக்கிட்டே இருப்ப. எந்த உருளை, யாரு பக்கத்துல நின்னா, அவ என்ன சொன்னா. போலீஸ்காரன் தோத்தான். பஸ்ஸுல உக்காந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். மத்தியானம் இப்படி, மூணு மணிக்கு இப்படி, மடிப்பு மேசைக்கு வந்தேன். அங்க வந்து நின்னுடுச்சு. அதுக்கு மேல உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை. ரெண்டு ஸ்டாப்பும் அதையே சொல்லிப் பாத்தேன். வரலை. இறங்கிட்டேன்."

பேராசிரியை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அவ்வளவு பண்ணிட்டு, வந்து பாதிதான் சொன்னேன்" என்றாள் அக்கா. "நூலை விட்டுட்டேன், பஸ்ஸை விட்டுட்டேன். நீ பாத்த பார்வை அப்படி இருந்துச்சு. நான் என்னமோ மலையைத் தூக்கின மாதிரி. அன்னைக்கு நீ 'அப்புறம்'னு கேக்கவே இல்லை. அன்னைக்கு மட்டும்தான் கேக்கலை. அந்தப் பாதியை வச்சு நீ இவ்வளவு பெரிய வீடு கட்டுவன்னு நான் கண்டேனா?"

பெட்டி ஆறிப்போயிருந்தது. அக்கா மறுபடி சுவிட்சைப் போட்டாள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தும் பார்க்காதவள்போல மேலங்கியின் கையைத் திருப்பிப் போட்டாள்.

"ஊசிக்காரர் சிரிப்பாரா?"

"சிரிச்சாலும் சிரிப்பார்."

"நீ தப்புன்னு ஒத்துக்கிட்டா உன் வேலையெல்லாம் வீணா?"

பேராசிரியை யோசித்துத்தான் பதில் சொன்னாள். "எல்லாம் இல்லை. நான் தேடின இடம் தப்பு. உன் கைக்குள்ள தேடினேன். முதல்லேர்ந்து பாக்கணும்."

"அறுபது வயசுலயா?"

"ஆமா."

அக்கா மேலங்கியைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை. அவள் முகத்தில் அந்தக் காலத்துச் சலவைக்கூடத்துத் தோரணை வந்தது. இருநூறு விரிப்பை அடுக்கி, எண்ணிப் பார்க்காமலே சரியாக இருக்கிறது என்று சொல்லும் தோரணை.

"சொல்றதுன்னா நூலையும் சொல்லிடு" என்றாள். "பல்லால கடிச்சேன்னே சொல்லு. ரெண்டாவது தடவையும் பாதி சொல்லாதே. அதுக்கு என்னை எடுத்துடறதே மேல்."

*

சனிக்கிழமை மழை ஓய்ந்து வெளிச்சம் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பழைய மாணவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். தலை நரைத்தவர்கள்கூட அவளைக் கண்டதும் வகுப்புக்கு நேரங்கழித்து வந்தவர்கள்போல முதுகை நிமிர்த்தினார்கள். முதல் வரிசையில் ஊசி, கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் அக்கா, ஒரு பக்கம் நீராவி, மறுபக்கம் டைம்கீப்பர். கண்ணாடிக்காரர் ஓரத்தில் நின்றார். உட்கார்ந்தால் அவருக்குக் கால் ஆடுகிறதாம்.

பேராசிரியை தொடங்கினாள். "இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய புத்தகத்தின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. தர்க்கத்தில் ஒன்றுமில்லை, அதைப் பலர் சோதித்துவிட்டார்கள். நடந்ததில்தான் தவறு. அதைச் சோதிக்கவேண்டியவள் நான். சோதிக்கவில்லை."

மண்டபத்தில் நாற்காலிகள் அசைந்தன. ஊசி கைத்தடியின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார்.

அவள் சலவைக்கூடத்தைச் சொன்னாள். மடிப்பு மேசையை, மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்ததை, விரிப்பின் ஓரத்துச் சிவப்பை. அங்கே வந்து நின்றாள். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். தாளைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எதையோ தேடுகிறவள்போல முந்தின தாளுக்குப் புரட்டினாள். பிறகு நிமிர்ந்து, தாளைப் பார்க்காமலே சொன்னாள்: "அந்தப் பெண் அந்த நூலைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள்."

நீராவி மெதுவாகப் பேசத் தெரியாதவள். அன்று மெதுவாகப் பேசினாள். "கடிச்சியாடி?"

"கடிச்சேன்."

நீராவி முன்னால் பார்த்தபடி இருந்தாள். உரையில் பஸ்ஸும் இரண்டு நிறுத்தமும் மழையில் ஓடி வந்ததும் வந்தன. அவள் அக்காவின் பக்கம் சாய்ந்தாள்.

"நான் ஒரு தடவை கத்திரிக்கோலால வெட்டியிருக்கேன்" என்றாள். "நான் திரும்பி வரலை."

அக்கா அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உரை முடியும் வரைக்கும் விடவில்லை.

மேடையில் பேராசிரியை சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் இயற்கையை ஒருத்தியின் கைக்குள் தேடினேன். அது ஓர் அடுப்புக்குப் பக்கத்தில், இரண்டு பேருக்கு நடுவில் இருந்தது. நம் நாளை ஒருவரிடம் முதலிலிருந்து சொல்லவேண்டியிருப்பதும், சொல்ல ஒருவர் இருப்பதும், பசியைப்போல இயற்கைதான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று மட்டும்தான் இப்போது சொல்லமுடியும். போய்ப் பார்க்கவேண்டும். கேட்க யாரும் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள், திரும்பி வராதவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. நான் எழுதியதில் எது நிற்கும், எது விழும் என்பதும் தெரியாது. அந்தப் பெண் என் அக்கா. மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த பெருமை பாதிக் கதை கேட்டு வந்தது. முழுக் கதையும் கேட்டபிறகு அது குறையவில்லை. அதிகமாகியிருக்கிறது. அதற்குக் காரணம் என்ன என்பதையும் நான் இனிமேல்தான் கண்டுபிடிக்கவேண்டும்."

கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை. அது அடங்குவதற்குள் ஊசி எழுந்துவிட்டார். மண்டபம் அமைதியாயிற்று. துறைத்தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். ஊசி மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"என் கேள்வி பேராசிரியைக்கு இல்லை. அம்மா, உங்களுக்கு. கேக்கலாமா?"

அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் கையமர்த்தினார். "உக்காந்தே சொல்லுங்க. பஸ்ஸுல போயிட்டிருந்தப்ப, 'நான் பண்ணினது தப்பு' அப்படின்னு உங்களுக்கு ஒரு எண்ணம் வந்துச்சா?"

"பஸ்ஸுல வரலைங்க" என்றாள் அக்கா.

ஊசியின் புருவம் உயர்ந்தது.

"நூலைக் கடிக்கும்போதே தெரியுமே. தப்புன்னு தெரிஞ்சுதானே கடிச்சேன். தப்பில்லைன்னா எதுக்குக் கடிக்கப் போறேன்?"

யாரோ சிரித்தார்கள். ஊசி சிரிக்கவில்லை. கைத்தடியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். அந்தப் பதிலை அவர் ஒருமுறை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

"எண்ணம் இருந்துச்சு. அது ஒண்ணும் பண்ணலை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்து வணங்கினார். "ரொம்ப நன்றிம்மா. நானும் வேலையெல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைச்சுட்டு இருந்தேன்."

டைம்கீப்பர் அக்காவின் காதில் சொன்னார்: "இன்னைக்கு ரோடு நல்லா இருந்துச்சு. எல்லாம் விளங்கிச்சு."

*

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கண்ணாடிக்காரர் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு மேலே வந்து, உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டு சூப் வைத்தார். எதிரே மருத்துவமனைப் புகைபோக்கியிலிருந்து ஆவி நேராக மேலே போனது. பேராசிரியை மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அக்கா அதை எடுத்து உதறி ஆணியில் மாட்டிவிட்டு, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தாள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் பழைய சலவைச் சீட்டு ஒன்று இன்னும் இருந்தது.

"இதுல சேத்து எழுதிக் குடு. பென்சில்ல வேணாம், பேனாவுல."

பேராசிரியை 'அவள் யோசிக்கவில்லை' என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள். இடம் போதவில்லை. மேலே போய்ச் சுற்றிக்கொண்டு கீழே வந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். மறுபடி வாசித்தாள். மை காய ஊதினாள்.

"சூப் ஆறுது" என்றார் கண்ணாடிக்காரர். "புத்தகத்தை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

"இனிமே போனாலும் போவாங்க தம்பி" என்றாள் அக்கா.

மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்கா ரொட்டியைப் பிய்த்து நனைத்தாள். தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"சரி, சொல்லு. இன்னைக்கு என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து."

"நீயும்தான் அங்க இருந்தியே."

"நான் கீழே இருந்தேன். மேல நின்னவ நீ. அங்கேர்ந்து எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு."

பேராசிரியை சிரித்தாள். மண்டபத்துக்குள் நுழைந்ததைச் சொன்னாள், வெளிச்சம் கண்ணில் அடித்ததை, ஊசியின் கைத்தடியை, முதல் வரி சொன்னபோது நாற்காலிகள் அசைந்ததை. சலவைக்கூடத்தைச் சொல்ல ஆரம்பித்தது வரைக்கும் வந்தாள். அங்கே வந்து கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நூல் இருந்த தாளை விட்டுட்டேன்" என்றாள். "ரெண்டு தாளைச் சேத்துத் திருப்பிட்டேன். தெரிஞ்சேதான். பஸ்ஸுலேர்ந்து ஆரம்பிச்சுடலாம், உனக்கும் நல்லது, எனக்கும் நல்லதுன்னு தோணுச்சு. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தண்ணி குடிச்சேன் இல்லையா, அப்ப."

கண்ணாடிக்காரர் ரொட்டியோடு கையை அப்படியே நிறுத்தினார். அக்கா முகத்தில் கோபமோ ஆச்சரியமோ இல்லை. நாற்காலியை மேசைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.